பட்ஜெட்டில் விதித் தளர்வு கேட்டால் என்ன குற்றம்?

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சிட்டு வந்து படிங்க. விஷயம் வறண்டதுதான்: ஆராய்ச்சி நிதிக்கு ப்ரபோசல் எழுதும்போது பட்ஜெட்டில் விதித் தளர்வு கேட்பது. "இதுல சண்டை போட என்ன டாக்டர் இருக்கு?" என்று கேட்பவர்கள் மூன்றாம் பதிவு வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2/ நான் சமூக மருத்துவத் துறை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு முனை எனக்கு நன்றாகப் பழகிய இடம். சென்ட்ரலில் ஏறினால் வடக்கே போகும் பெரும்பாலான புறநகர் வண்டிகளுக்குக் கடைசி ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா எல்லை. சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் உலைகள். வேலை செய்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் நிறைய. ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர். சிலர் குடும்பத்தோடு.

3/ சில வருடங்களுக்கு முன் ஒரு நாலு வயசுப் பையன் வந்தான். வயிற்று வலி, சாப்பாடு இறங்கவில்லை, மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. அப்பா பேட்டரி உடைக்கும் யூனிட்டில் உலைப் பக்கம். வேலைச் சட்டையோடயே வீட்டுக்கு வருவார், அப்படியே பிள்ளையைத் தூக்குவார். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னேன். எங்களிடம் வசதி இல்லை, வெளி லேபுக்குத்தான் போனது. ரிசல்ட்: டெசிலிட்டருக்கு 48 மைக்ரோகிராம்.

4/ அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். குழந்தைக்கு 45 வந்தால் ஈயத்தைப் பிணைத்து வெளியே இழுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் நாலைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். ரத்தத்தில் இருக்கிறது ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்புக்குள் போனது பல வருடம் அங்கேயே கிடக்கும். மூளைக்குப் போன சேதம் திரும்பாது.

5/ இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அதாவது கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல். அதில் முதல் வரியே ஈய நச்சாகத்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி அதைத் தெரிவிப்பது மருத்துவர் கடமையாக இருந்தது, தவறினால் அபராதம். பட்டியலில் முதலில் இருக்கும் நோயைக் கண்டுபிடிக்க எங்களிடம் பரிசோதனை இல்லை. சிரிக்கிறதா அழுகிறதா சொல்லுங்க.

6/ அந்தப் பையன் ஒருத்தனா, நூறு பேரில் ஒருத்தனா? இதுதான் கேள்வி. இந்தியாவில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 1990களின் கடைசியில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வில் சென்னை உட்பட ஏழு நகரங்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் 10ஐத் தாண்டியிருந்தார்கள். 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அப்புறமும் பிரச்சினை முடியவில்லை. சென்னை ஆய்வாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 3 முதல் 7 வயது வரையான 756 சென்னைக் குழந்தைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். சராசரியே 11க்கு மேல். 2020இல் யுனிசெஃப் அறிக்கை போட்ட கணக்கில் இந்தியாவில் 5ஐத் தாண்டிய குழந்தைகள் சுமார் 27.5 கோடி.

7/ பெட்ரோல் போச்சு. பேட்டரி வந்தாச்சு. ஆட்டோ, இன்வெர்ட்டர், செல்ஃபோன் டவர் எல்லாவற்றிலும் ஈய பேட்டரி. பழசான பேட்டரி எங்கே போகிறதோ அங்கேதான் அடுத்த கணக்கெடுப்பு நடக்க வேண்டும். அதனால் ப்ரபோசல் எழுதினேன். உலைத் தொழிலாளர்களின் வீடுகளில் உள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வீட்டு வாசலிலேயே ரத்தம் எடுத்து ஈயம் பார்ப்பது, உயர்ந்திருந்தால் சிகிச்சை, மறுபடி பரிசோதனை. அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

8/ இப்போ பட்ஜெட். ப்ரபோசல் எழுதியவர்களுக்குத் தெரியும்: ஆள் சம்பளம், கருவி, கன்ஸ்யூமபிள்ஸ், பயணம், கன்டின்ஜென்சி, ஓவர்ஹெட். ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சவரம்பு. கட்டத்துக்குள் எண்ணைப் போட வேண்டும். கட்டம் யாரை நினைத்துப் போடப்பட்டது? லேபுக்குள் உட்கார்ந்து செய்யும் ஆய்வை நினைத்து. அதில் பயணம் என்றால் டெல்லிக்கு ஒரு தரம் மாநாட்டுக்குப் போய் வருவது.

9/ எனக்குத் தேவைப்பட்டது வேறு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி. அன்றைக்குத்தான் அப்பா அம்மா இரண்டு பேரும் ரூமில் இருப்பார்கள். இரண்டு, ஒடியாவும் இந்தியும் பேசத் தெரிந்த இரண்டு களப்பணியாளர்கள். மூன்று, மறுபரிசோதனைக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி. நாலு, 45 தாண்டிய பிள்ளைக்கு மருந்தும் படுக்கையும். ஐந்து, கையில் தூக்கிப் போகிற பரிசோதனைக் கருவி. ஐந்தில் ஒன்றுகூட கட்டத்துக்குள் அடங்கவில்லை.

10/ எத்திக்ஸ் கமிட்டிக்குப் போனேன். நல்ல கமிட்டி. சரியான கேள்விகள் கேட்டார்கள். "கூலியை இழந்து வருகிற அம்மாவுக்கு என்ன கொடுக்கப் போறீங்க? உயர்ந்த அளவு கண்டுபிடிச்சா சும்மா சீட்டு எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவீங்களா?" ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டுதலே பங்கேற்பாளரின் பயணச் செலவு, கூலி இழப்பு பற்றிப் பேசுகிறது. கமிட்டி எழுதியே கொடுத்தது: இவை இருந்தால்தான் அனுமதி.

11/ அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸ் பக்கம் போனேன். "டாக்டர், கூலி இழப்புக்கு ஹெட் இல்லீங்க. இல்லாத ஹெட்ல நான் எப்படி போடறது? ஆடிட் வந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடம் முன்னால் முடிந்த ஒரு ப்ராஜெக்டுக்கு இன்னும் ஆடிட் பதில் எழுதிக்கொண்டிருக்கிறவர். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் பாருங்க: ஒரே கட்டிடத்தின் மேல் மாடி "கொடுக்காமல் செய்யாதே" என்கிறது, கீழ் மாடி "கொடுக்காதே" என்கிறது.

12/ அப்போதான் விதித் தளர்வுக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். எந்த ஹெட், எவ்வளவு கூடுதல், ஏன், கொடுக்காவிட்டால் ஆய்வில் எது போகும். நிதி தரும் அமைப்புக்கு, முறைப்படி, மேலிடம் வழியாக. அந்த "வழியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கேதான் கடிதம் செத்தது.

13/ "தளர்வு கேட்டு ஒரு லெட்டர் சேர்த்தா ஸ்க்ரீனிங்லயே தூக்கிப் போட்டுடுவாங்க சார். காலேஜ் பேரும் கெட்டுப் போகும். உள்ளதுக்குள்ள முடிச்சுக்கோங்களேன்." இதுதான் பதில், அதுவும் வாயால். காகிதத்தில் ஒரு எழுத்து கிடையாது. நிதி தருபவர்கள் மறுக்கவில்லை, அவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் இருந்ததே தெரியாது. நம் ஊரில் பெரும்பாலான தளர்வுகள் இப்படித்தான் மறுக்கப்படுகின்றன என்பது என் அனுபவம். கேட்கும் முன்பே.

14/ இப்போ என் தப்புக்கு வருகிறேன். நான் என்ன செய்தேன்? "உள்ளதுக்குள்ள" முடித்தேன். வீடு வீடாகப் போவதை எடுத்தேன். ஓ.பி.க்கு வருகிற குழந்தைகள் என்று மாற்றினேன். மொழி தெரிந்த ஆள் வேண்டாம், மறுபரிசோதனை வேண்டாம், எண்ணிக்கை 60 போதும். பட்ஜெட் அழகாகக் கட்டத்துக்குள் உட்கார்ந்தது. சாங்ஷன் ஆனது. எல்லோரும் கைகொடுத்தார்கள்.

15/ ஓ.பி.க்கு யார் வருவார்கள்? பஸ் ஏறி வர முடிந்தவர்கள். தமிழ் தெரிந்தவர்கள். ஒரு நாள் கூலி போனால் பரவாயில்லை என்கிறவர்கள். உலைப் பக்கத்து ரூமில் இருக்கும் ஒடிசா அம்மா வர மாட்டார். யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்களை மட்டும் துல்லியமாக விட்டுவிட்டு ஒரு ஆய்வு செய்து முடித்தேன்.

16/ ரிசல்ட்: சிகிச்சை தேவைப்படும் அளவில், அதாவது 45க்கு மேல், 60 பேரில் ஒருவரும் இல்லை. 5ஐத் தாண்டியவர்கள் இருந்தார்கள், அதையும் எழுதினேன். பேப்பர் வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு கூட்டத்தில் ஊர்க்காரர்கள் புகையைப் பற்றிப் பேசும்போது, எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் என் பேப்பரின் நகலைத் தூக்கிக் காட்டினார். "டாக்டர்களே பார்த்துட்டாங்க. ஒரு குழந்தைக்கும் ஆபத்தான அளவு இல்லை." அன்றைக்கு எனக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

17/ அந்த இடத்தில் சொல்ல வேண்டிய கணக்கை இங்கே சொல்கிறேன். ஐம்பது பிள்ளைகளில் ஒருவருக்கு 45க்கு மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேரைப் பார்த்து ஒருவர்கூட சிக்காமல் போக 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதுவும் சரியான ஆட்களைத் தேர்ந்தெடுத்தால். 60இல் பூஜ்யம் வந்தால், உண்மை 100க்கு 5 வரை இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்லும். "இல்லை" என்று அது சொல்லவே சொல்லாது. ஆனால் கூட்டத்தில் மைக் பிடித்தவருக்கு "இல்லை" போதும்.

18/ சிறிய பட்ஜெட் சிறிய உண்மையைத் தரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவறான ஆட்களிடம் அளந்த சிறிய ஆய்வு ஒரு நற்சான்றிதழாக மாறிவிடும். அந்தச் சான்றிதழில் என் கையெழுத்து. இதனால்தான் இந்த த்ரெட்.

19/ இதே மாவட்டத்து மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1968இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அதில் 2,81,161 பேருக்கு பி.சி.ஜி.யோ போலி ஊசியோ போட்டார்கள். 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பதில்: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

20/ "பலன் இல்லை" என்ற அந்த முடிவை உலகம் ஏன் தட்டிக் கழிக்க முடியவில்லை? கிராமம் கிராமமாகப் போய் லட்சக்கணக்கில் பார்த்ததால். அதே ஆய்வை 60 பேரிடம் செய்திருந்தால் குப்பைக்கூடை. "இல்லை" என்று சொல்லும் உரிமை பெரிய ஆய்வுக்குத்தான் உண்டு. நான் அந்த உரிமையை 60 பேரை வைத்து இரவல் வாங்கிவிட்டேன்.

21/ இன்னும் பின்னால் போவோம். 1956இல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து சென்னையில் காசநோய் சிகிச்சை மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. கேள்வி: ஏழை நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? 193 நோயாளிகள். 1959இல் பதில் வந்தது: ஆகும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை.

22/ அந்த ஆய்வின் உயிர் எங்கே இருந்தது தெரியுமா? வீட்டுக்குப் போனதில். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அன்றைக்கு ஒருவர் "வீட்டு விசிட்டுக்கு ஹெட் இல்லை, ஓ.பி.யில் வர்றவங்கள வச்சு முடிச்சுக்கோங்க" என்று சொல்லியிருந்தால்? உலகம் இன்னும் பல வருடம் சானடோரியம் கட்டிக்கொண்டிருந்திருக்கும்.

23/ "அதெல்லாம் பெரிய அமைப்புகள், பெரிய பணம் டாக்டர்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது அந்தப் பணம் இல்லை. வேலைக்குத் தகுந்த மாதிரி செலவை வகுத்தார்களே, அந்த வரிசை. முதலில் கேள்வி. அப்புறம் அந்தக் கேள்விக்கு எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும். அப்புறம் செலவு. இன்றைக்கு நாம் கட்டத்தை முதலில் பார்த்து, கட்டத்துக்குள் அடங்கும் கேள்வியைத் தேடுகிறோம். சட்டைக்குத் தகுந்தபடி கையை வெட்டுகிறோம்.

24/ இப்போ எதிர்வாதங்கள். முதலாவது: "தளர்வு கொடுத்தா ஊழல் வரும்." வரும்தான். ஆராய்ச்சிப் பணத்தில் ஏ.சி.யும் லேப்டாப்பும் வாங்கின கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஏ.சி. எப்படி வாங்கப்பட்டது? தளர்வு கேட்டா? இல்லை. கட்டத்துக்குள்ளேயே, கன்டின்ஜென்சி என்ற பெயரில், சுத்தமான பில்லோடு. திருடுகிறவர் தளர்வு கேட்டுக் கடிதம் எழுதித் தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார். காரணத்தோடு எழுதிக் கேட்பவர்தான் வெளிச்சத்தில் நிற்கிறார்.

25/ இன்னொரு கொடுமை: தளர்வுக்கு வழி இல்லாத இடத்தில் நேர்மையானவர்களும் பொய் எழுதப் பழகுகிறார்கள். கூலி இழப்பை "ஸ்டேஷனரி" என்று காட்டுவது, வண்டி வாடகையை "சாம்பிள் போக்குவரத்து" என்று காட்டுவது. நான் செய்ததில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்யும் ஆடிட்டில் பொய்தான். பிடிபட்டால் மாட்டுவது ஜூனியர்.

26/ இரண்டாவது: "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்." சரி, விதியைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. ஊழலைத் தடுக்கவே வந்த சட்டம். அதன் 16ஆம் பிரிவே எப்போதெல்லாம் டெண்டர் இல்லாமல் வாங்கலாம் என்று விலக்குகளைப் பட்டியல் போடுகிறது. இறுக்கமான சட்டம் எழுதியவர்களே, வாழ்க்கை கட்டத்துக்குள் அடங்காது என்று தெரிந்து, வாசலை உள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் கிராண்ட் பட்ஜெட்டுக்கு மட்டும் ஏன் வாசல் இல்லாத சுவர்?

27/ மத்திய அரசும் இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. ஜெம் தளத்தில்தான் வாங்க வேண்டும், மலிவானதைத்தான் எடுக்க வேண்டும் என்று அறிவியல் கருவிக்கும் நாற்காலிக்கும் ஒரே விதி இருந்தது. விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் கத்தினார்கள். 2025 ஜூனில் நிதி அமைச்சகம் தளர்த்தியது. அறிவியல் துறைகளின் நிறுவனத் தலைவர்களும் துணைவேந்தர்களும் ஜெம்முக்கு வெளியே வாங்கலாம். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். கொள்முதல் கமிட்டி வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். கேட்டவர்களை அடாவடிக்காரர்கள் என்று சொன்ன அதே ஆட்கள், தளர்வு விதியானதும் வரவேற்று அறிக்கை விட்டார்கள்.

28/ அந்தத் தளர்வு மாநில அரசின் கீழுள்ள ஒரு கல்லூரிக்குத் தானாக வந்துவிடாது. திருவள்ளூர் உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. புதுக் கட்டிடம், இளம் டாக்டர்கள், பக்கத்திலேயே இப்படி ஒரு தொழிற்பேட்டை. ஆராய்ச்சிக்கு இதைவிடத் தேவையான இடம் எது? பழைய கல்லூரிகளின் பயத்தை இவர்களும் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொள்ளக் கூடாது.

29/ நாம் எவ்வளவு ஒழுங்காகக் கட்டத்துக்குள் எழுதினாலும் கட்டமே நகரும் என்பதற்கு ஒரு உதாரணம். பொதுநிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை போய்விட்டது, பல கருவிகளுக்கு 18 ஆனது. 2021இல் 5 போட்டு சாங்ஷன் வாங்கி, 2022 கடைசியில் பில் போட்டவர் என்ன செய்வார்? 100 ரூபாய் கருவிக்கு 13 ரூபாய் குறைகிறது. அரசே ஏற்படுத்திய ஓட்டை அது. அதை அடைக்கத் தளர்வு கேட்பவர் ஏன் குற்றவாளி போலக் கைகட்டி நிற்க வேண்டும்?

30/ மூன்றாவது எதிர்வாதம்: "பணமே இல்லை." நாடு தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது 0.64 சதவீதம், உண்மைதான். ஆனால் பணம் குறைவு என்பதுதான் என் கட்சிக்கும் காரணம். குறைந்த பணத்தை வைத்துப் பத்து உதவாத ஆய்வு செய்வதைவிட, ஒன்றுக்குத் தளர்வு கொடுத்து உருப்படியாக முடிக்கலாம். என் 60 பேர் ஆய்வு மலிவு என்றா நினைக்கிறீர்கள்? அதற்குப் போன ஒவ்வொரு ரூபாயும் வீண். அதற்கு மேலே போன பெயர் தனி.

31/ நான்காவது: "கம்பெனிகிட்ட சி.எஸ்.ஆர். கேளுங்களேன்." கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவுப்படி லாபத்தில் 2 சதவீதம், ஆராய்ச்சிக்கும் கொடுக்கலாம், எல்லாம் சரி. உலைக்காரர் காசில் உலைக்காரரின் தொழிலாளி பிள்ளைக்கு ரத்தம் எடுத்து, "ஆபத்து இல்லை" என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? "ஆபத்து" என்று எழுதினால் அடுத்த வருடம் காசு வருமா? பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச் வாங்க அந்தப் பணம் நல்லது. இதுக்குப் பொதுப்பணம்தான் வேணும்.

32/ வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவின் என்.ஐ.எச்.சில் ஒரு வருடத்துக்கு நேரடிச் செலவு 5 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் கேட்க வேண்டுமானால், சமர்ப்பிக்கக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு மேல், எல்லாம் விதியிலேயே இருக்கிறது. கிராண்ட் வந்த பிறகு ஹெட்டுக்கு ஹெட் மாற்றுவதிலும் பெரிய அளவு சுதந்திரம் உண்டு. மொத்தத்தில் 25 சதவீதம் தாண்டினால்தான் அதைக் குறிப்பிடத்தக்க மாற்றம் என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2025இல் அங்கேயும் ஓவர்ஹெட்டை ஒரே வெட்டாக 15 சதவீதத்துக்குக் குறைக்கப் பார்த்து விஷயம் கோர்ட்டுக்குப் போனது. நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றே ஒன்றை: கேட்பதற்கு எழுதப்பட்ட ஒரு வழி.

33/ சரி, என்னதான் வேண்டும்? ஐந்து விஷயம். ஒன்று: ப்ரபோசல் படிவத்திலேயே தளர்வுக்கு ஒரு பக்கம். எந்த ஹெட், எவ்வளவு, ஏன், இல்லாவிட்டால் ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தனிக் கடிதம், "வழியாக", சிபாரிசு எதுவும் வேண்டாம்.

34/ இரண்டு: கல்லூரி அலுவலகம் கருத்து எழுதலாம், தடுக்கக் கூடாது. பத்து வேலை நாளுக்குள் மேலே போக வேண்டும். மூன்று: எத்திக்ஸ் கமிட்டி நிபந்தனையாக எழுதியது எதுவோ, அது தானாகவே ஒரு பட்ஜெட் ஹெட். கூலி இழப்பு, மொழிபெயர்ப்பாளர், கண்டுபிடித்த நோய்க்குச் சிகிச்சை. "கொடு" என்பதும் "ஹெட் இல்லை" என்பதும் ஒரே நிர்வாகத்தின் வாயிலிருந்து வரக் கூடாது.

35/ நான்கு: மறுத்தால் எழுத்தில், காரணத்தோடு. வாயால் சொல்லும் "வேண்டாம் சார்" செல்லாது. ஐந்து: யாருக்கு எந்தத் தளர்வு, எவ்வளவு, முடிவில் என்ன கிடைத்தது என்று வருடம் ஒருமுறை வெளியிட வேண்டும். ஊழல் பயம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஏ.சி.க்காரர் இந்தப் பட்டியலில் பெயர் வரக் கேட்கவே மாட்டார்.

36/ இதெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு. நமக்கும் ஒன்று இருக்கிறது, சக டாக்டர்களே. பணம் இல்லாமல் ஆய்வைச் சுருக்கினால், சுருக்கியதைப் பேப்பரில் எழுதுங்கள். கடைசிப் பத்தியில் மறைத்து இல்லை, சுருக்கத்திலேயே. "உலைத் தொழிலாளர் வீடுகளுக்குப் போக நிதி இல்லை. எனவே அந்தக் குழந்தைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை." இரண்டு வரி. நான் அன்றைக்கு எழுதியிருந்தால், கூட்டத்தில் அந்தக் காகிதத்தை யாரும் தூக்கியிருக்க முடியாது. இப்போது அந்தப் பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.

37/ அந்தப் பையன்? மாவட்டத்துக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு சுற்று மருந்து முடிந்தது, அளவு இறங்கியது. இரண்டாம் தடவை பார்க்கக் கூப்பிட்டபோது ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். ரூமுக்கு ஆள் அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர், "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க சார், எப்ப வருவாங்கன்னு தெரியல" என்றார். எலும்பில் இருக்கிற ஈயத்தோடு அவன் ஒடிசாவில் எங்கேயோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். போகிறான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

38/ ப்ரபோசலைத் திரும்ப எழுதிவிட்டேன். இந்த முறை 60 இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி, ஒடியா பேசும் ஆள், அம்மாவின் கூலி, மருந்து எல்லாம் அதனதன் உண்மையான பெயரில் பட்ஜெட்டில் இருக்கிறது. தளர்வுக் கடிதம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மறுப்பதாக இருந்தால் எழுத்தில் மறுக்கட்டும் என்று கவரிங் லெட்டரில் கேட்டிருக்கிறேன். என்ன பதில் வந்தாலும் இதே த்ரெட்டின் கீழே போடுகிறேன். உங்களில் யாராவது கேட்டு வாங்கியிருந்தாலும், கேட்டு வாயாலேயே மறுக்கப்பட்டிருந்தாலும், கல்லூரிப் பெயர் இல்லாமல் கீழே எழுதுங்கள். என் கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.